கடற்கரையூரில் இரு சக்கரத் திருவிழா

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசத்தக்க புலவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசும்படி செயற்குழு எங்களைப் பணித்திருக்கிறது. "இது தமிழ்ச் சங்க மேடைக்கு ஏற்ற பொருளா?" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பது எங்கள் காதிலும் விழுகிறது. ஏற்ற பொருள்தான் என்பதைச் சற்றுப் பொறுத்து அவரே ஒப்புவார் என நம்புகிறோம்.

நம் காலனியில் பல வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் நாம் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தோம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் அவனைத் தூக்கி விளையாடாதவர் குறைவு. அன்று முதல் மோட்டார் சைக்கிள் வாங்குவதில்லை என்று வீட்டுக்கு வீடு முடிவு செய்தார்கள். ஆனால், வாங்குவதில்லை என்பது ஏறுவதில்லை என்று ஆகிவிடவில்லை. நண்பன் வண்டியில் ஏறுகிறார்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துப் பொறித்த வாடகை வண்டியை நாள் கணக்கில் எடுத்துப் போகிறார்கள். தலைக்கவசத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் கேள்வி எழும் ஆதலால் அது மட்டும் இல்லை.

இந்த நிலையில், படிப்பு முடித்து வேலையில் அமர்ந்த நம் இளைஞர் ஒருவர் தம் சம்பளத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கத் தாயிடம் அனுமதி கேட்டார். தாய் மறுத்தார். தந்தை இல்லாத வீடு, ஒரே மகன். இருவரும் தனித்தனியே சங்கத்துப் பெரியவர்களிடம் வந்து முறையிட்டார்கள். "வாகத்தோரில் நவம்பர் மாதம் பெரிய கூட்டம் நடக்கிறது. ஒரு நாள் வந்து பாருங்கள் மாமா. பார்த்த பிறகு வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்" என்றார் அந்தத் தம்பி. செயற்குழு கூடியது, போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள் என்றது. அறுபது கடந்த இருவர், அந்தத் தாயார், இளைஞர் மூவர், ஆக அறுவர் சென்றோம். 2024 நவம்பர் 23, சனிக்கிழமை. இனி நாங்கள் சொல்வது அறுவரும் சேர்ந்து சொல்வது.

வாஸ்கோவிலிருந்து வாகத்தோர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வாடகை வேனில் காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். ஜுவாரி ஆற்றின் புதிய பாலம் 2022 டிசம்பரில் ஒரு பாதியும் அடுத்த ஆண்டு மறு பாதியும் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த காலத்தை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பணஜியில் மாண்டவியைக் கடந்து, போர்வோரிம் ஏறி, மாப்புசா சந்தையைச் சுற்றிக்கொண்டு கடலை நோக்கித் திரும்பினோம். மாப்புசாவைத் தாண்டியதும் சாலை குறுகிற்று. இருபுறமும் செம்பாறைக் கல் மதில்கள். அந்தச் சந்து போன்ற பாதையில் எங்களுக்கு முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்கள். கேரளப் பதிவு, கர்நாடகப் பதிவு, மராட்டியப் பதிவு, தமிழ்நாட்டுப் பதிவு என எண்ணிக்கொண்டே வந்த இளைஞர்கள் பஞ்சாபுப் பதிவு ஒன்றைக் கண்டதும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

வாகத்தோர் பார்தேசு வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். கடலுக்கு மேலே செம்பாறை மேடு. கீழே கரும்பாறைகள் கிடக்கும் மணற்கரை. வடக்கே குன்றின்மேல் 1717-இல் போர்ச்சுகீசியர் கட்டிய சாப்போராக் கோட்டையின் மதில். பீஜப்பூர்ச் சுல்தான்கள் காலத்துக் கோட்டை இருந்த இடத்திலேயே அதை எழுப்பினார்கள். அந்த மேட்டின்மீதுதான் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் ஆண்டு விழாவைக் கூட்டியிருந்தார்கள். முன்னர் 'ரைடர் மேனியா' என்று வழங்கிய இவ்விழாவுக்கு 2023 முதல் 'மோட்டோவர்ஸ்' என்று பெயர். மூன்று நாள் விழா. நாங்கள் சென்றது இடைநாள்.

வாயிலில் அந்த அம்மையார் சற்றுத் தயங்கி நின்றார். தாடி வளர்த்து, தோல் அங்கி அணிந்து, கையெல்லாம் பச்சை குத்திய கூட்டம் எதிரே நின்றது. அந்தத் தாடிக்காரர்களில் ஒருவர் விலகி நின்று, "முதலில் அம்மா போகட்டும்" என்று இந்தியில் சொன்னார். கூட்டம் வழி விட்டது.

உள்ளே கண்டவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. விற்பனைக் கடைகள், உணவுக் கடைகள், இசைக்கான மேடை முதலியன எந்தப் பொருட்காட்சியிலும் உண்டு. புதிய வண்டி ஒன்றை அவ்விழாவில் அறிமுகம் செய்தார்கள். 'கோவன் கிளாசிக்' என்று நம் கோவாவின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள். வெள்ளை விளிம்புச் சக்கரம், உயர்ந்த கைப்பிடி, அன்றைய விலை 2,35,000 ரூபாய் முதல். விலையைக் கேட்டதும் எங்களில் மூத்தவர், தாம் 1970-களில் மைசூர் ஜாவா வண்டி வைத்திருந்த கதையைத் தொடங்கிவிட்டார். அந்தக் கதை நீளமானது; ஆதலால் இங்கே விடுகிறோம்.

நாங்கள் நெடுநேரம் நின்ற இடம் பழைய வண்டிகளின் வரிசை. வண்டிக்குரியவர்கள் தத்தம் புல்லட்டைத் துடைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள், பொங்கலன்று மாட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் போல. அவற்றில் ஒரு வண்டியில் கியர் மிதி வலக்காலிலும் பிரேக் மிதி இடக்காலிலும் இருந்தன. இக்கால வண்டிகளுக்கு நேர்மாறு. வண்டிக்காரர் அதைக் கிளப்பிக் காட்டினார். எடுத்த எடுப்பில் உதைப்பதில்லை. முதலில் சாவியைத் திருப்பி, ஆம்பியர் காட்டும் முள்ளைப் பார்க்கிறார். உருளைக்குள் அடைபட்ட காற்றை வெளிவிடும் சிறு நெம்புகோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மிதியை அங்குலம் அங்குலமாக இறக்குகிறார். முள் நடுவில் வந்து நின்றதும் விரலை எடுத்துவிட்டு ஒரே உதை. வண்டி பேசத் தொடங்கியது. முள்ளைப் பாராமல் உதைத்தவனின் கணுக்காலை அந்த மிதி திருப்பி அடிக்கும் என்றார் அவர். பொறுமையில்லாதவனுக்கு அந்த வண்டி இடம் கொடாது.

அவையோரே, இந்த வண்டி எங்கே பிறந்தது? பெயர் ஆங்கிலப் பெயர். மூல நிறுவனம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்தது. 1901-இல் அவர்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் புல்லட் வந்தது. நம் நாடு விடுதலை பெற்ற பின், எல்லைக் காவலுக்குத் தக்க வண்டி தேடிய இந்திய அரசு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதை இந்நாட்டிலேயே செய்வதற்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் 1955-இல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இடம், சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர். ஆம், பட்டினத்தடிகள் சமாதி கொண்ட அதே கடற்கரை ஊர்தான்.

தொடக்கத்தில் கப்பலில் வந்த உறுப்புகளைப் பொருத்துவது மட்டுமே வேலை. பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி, 1960-களின் தொடக்கத்துக்குள் உறுப்புகளையெல்லாம் இங்கேயே செய்யலானார்கள். 1970 அளவில் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வது நின்றே போயிற்று. கிளை தழைத்திருக்க வேர் பட்டுப்போன விந்தை அது. 1977-இல் திருவொற்றியூர்ப் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயிற்று. பின்னாளில் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன.

புல்லட்டின் எண்ணெய்த் தொட்டிமேல் ஓடும் பொன்னிறக் கோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அச்சிட்ட கோடன்று, ஒட்டுத்தாளும் அன்று. தூரிகையைக் கையில் பிடித்து, தொட்டியின் வளைவோடு கையை ஓட்டி, ஒரே மூச்சில் இழுப்பது. ஒரு குடும்பத்தின் கைத்தொழிலாகச் சென்னையில் அது வழிவழி வந்தது. பழைய தொட்டி ஒன்றின்மேல் அந்த அம்மையார் விரலை வைத்துக் கோட்டின் வழியே மெல்ல ஓட்டிப் பார்த்தார். "கோலம் போடுகிற கை மாதிரி இருக்கிறது" என்றார். வண்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. நம் தம்பி இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

முன்வரிசைப் பெரியவருக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும்.

மேட்டின் ஒரு பக்கத்தில் மண்தடம் அமைத்திருந்தார்கள். வளைவில் பின்சக்கரம் சறுக்கிக்கொண்டு போக, இடக்காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு பாய்கிறார்கள். பார்க்கும் நமக்குத்தான் நெஞ்சு பதைக்கிறது. விழுந்தவரும் உண்டு, விழுந்தவர் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு வண்டியை நிமிர்த்தினார். முழங்கால், முழங்கை, தோள், முதுகு எல்லா இடத்திலும் கவசம் இருந்தது. சறுக்கலை விளையாட்டிடத்தில் பழகியவன் சாலையில் மழைநீரில் சறுக்கும்போது கலங்கமாட்டான் என்பது அவர்கள் கொள்கை. அது எவ்வளவு மெய்யென்று எங்களால் அளந்து சொல்ல முடியாது. ஆனால் வண்டியை அறியாமல் ஓட்டுவதைவிட அறிந்து ஓட்டுவது நன்று என்பதில் ஐயமில்லை.

எங்களை மிகவும் கவர்ந்தது அங்கன்று. வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் சிலர் தமக்குள்ளே ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். கோடு கிழித்து, கால் ஊன்றாமல், யார் கடைசியாக வந்து சேர்கிறாரோ அவரே வென்றவர். மெதுவாக ஓட்டும் பந்தயம்! இருநூறு கிலோவுக்குக் குறையாத வண்டியை நடந்துபோகும் குழந்தையின் வேகத்துக்கும் கீழே செலுத்துகிறார்கள். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்து, பார்வையை எட்ட வைத்துக்கொண்டு போகிறார்கள். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தவர் எல்லாரும் காலை ஊன்றித் தோற்றார்கள். வென்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. பள்ளி ஆசிரியை என்றும், நாசிக்கிலிருந்து தனியே ஓட்டி வந்ததாகவும் சொன்னார்.

நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய்." அங்கே ஓட்டக் கற்பிப்பவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை, ஒரு வண்டியை நிறுத்தி விளக்கினார். ஓடும் வண்டியைத் தடுக்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் தரையை இறுகப் பற்றுகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. திடீரென்று இறுக்கிப் பிடித்தால்தான் ஆபத்து. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தினால் வண்டி நேராக நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவன் லாரியின் பின்புறத்தில்தான் நிற்பான். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இருக்கவேண்டுமென்று 2019 ஏப்ரல் முதல் விதி உள்ளது. விதி இருந்தாலும் விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்றார்.

நண்பகலில் உணவுக்கூடத்தில் தமிழ்க் குரல் கேட்டது. சேலத்திலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள். தமிழ் பேசும் தாயார் ஒருவரைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் இரண்டு நாளில் வந்திருக்கிறார்கள். இரவில் ஓட்டுவதில்லை என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டு ஹுப்ளியில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் இளையவரிடம் நம் அம்மையார் கேட்டார்:

"உங்க அம்மா விட்டாங்களா, தம்பி?"

"விடலை அம்மா. மூணு வருஷம் விடலை. இப்பவும் டீ குடிக்க நிற்கிற இடத்திலெல்லாம் போன் பண்ணணும். பண்ணலேன்னா இவங்க நாலு பேருக்கும் வரிசையா போன் வரும்."

மற்ற நால்வரும் சிரித்தார்கள். அவர் மேசைமேல் இருந்த தம் தலைக்கவசத்தைத் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தது. அதில் இரத்த வகை. அதன்கீழ் 'அம்மா' என்று எழுதி ஒரு தொலைபேசி எண். "இதை ஒட்டினது அம்மாதான்" என்றார்.

நம் அம்மையார் அந்தத் தலைக்கவசத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளையே நெடுநேரம் பார்த்திருந்தார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் பேசவில்லை. அவர் மகன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இந்த இடத்தில் சில எண்களைச் சொல்லவேண்டும். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களுள் இரு சக்கர வண்டியில் சென்றவர் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர் மட்டும் 50,029 பேர்; அந்த ஐம்பதாயிரத்தில் பதினான்காயிரத்துக்கு மேற்பட்டோர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். பின்னால் அமர்பவர் யார்? மனைவி, தங்கை, கோயிலுக்குப் போகும் தாய். தலைக்கவசம் அணிவதால் சாவு ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயம் 69 விழுக்காடும் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் அணிய வேண்டுமென்பது சட்டம்; நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் அதுவே.

தலைக்கவசத்தின் வேலை மேலோட்டில் இல்லை. உள்ளே வெள்ளையாக, பொருட்களைப் பொதிந்து வரும் தெர்மாகோல் போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்குகிறது. அது நசுங்கும் நொடியில் மூளையின் வேகம் குறைகிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழாது. ஆகவே ஒருமுறை பலமாக விழுந்த தலைக்கவசத்தை மாற்றியே ஆகவேண்டும். தாடைக்கீழ் வாரைப் பூட்டாவிட்டால் விழும் நேரத்தில் அது தனியே பறந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்பதே 2021 ஜூன் முதல் குற்றம். நம் கடைத்தெருவில் நடைபாதையில் விரித்து விற்கும் தொப்பிகளைப் பற்றி நாங்கள் வேறு சொல்லத் தேவையில்லை.

விழாவின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாங்கள் நடுநிலை தவறியவர்கள் ஆவோம். பிற்பகலில் மேட்டைவிட்டு இறங்கி ஊருக்குள் நடந்தோம். சாலையோரம் இளநீர் விற்கும் மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் கொங்கணியில் பேசினார்; இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதைத் தாய்மொழி போலப் பேசுவதைக் கேட்டு எங்களுக்கு மகிழ்ச்சியும் சற்றே பொறாமையும் உண்டாயின. "வருகிறவர்கள் நல்ல பிள்ளைகள்தாம், காசும் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்டு இந்தச் சந்தில் நள்ளிரவில் போகிறவனுக்கு, இந்த மதிலுக்குப் பின்னால் நோயாளி படுத்திருப்பது தெரியுமா?" என்று கேட்டார். இளைஞர் மூவரும் பதில் சொல்லவில்லை. சைலன்சரை மாற்றி ஓசை பெருக்குவது சட்டப்படி குற்றம்; இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கும் தடை உண்டு. சுற்றுலாவால் வாழும் ஊருக்கு அந்தச் சுற்றுலாவே தூக்கத்தைக் கெடுப்பது பெரும் சிக்கல். அங்கு வந்திருந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் அமைதியாகவே ஓட்டினார்கள். இரவைக் கெடுக்கப் பத்துப் பேர் போதும்.

மதுவும் அங்கே உண்டு. கோவாவில் அது இல்லாத விழா ஏது? நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அதை மதித்து, வண்டியை விடுதியிலேயே நிறுத்திவிட்டு வாடகைக் காரில் வந்திறங்கிய குழுக்களைக் கண்டோம். மதியாதவர்களையும் கண்டோம். இருட்டுவதற்குள் புறப்பட்டுவிடலாம் என்று எங்களில் மூத்தவர் சொன்னதும் ஒருவரும் மறுக்கவில்லை. சாப்போராக் கோட்டைக்குப் பின்னால் கதிரவன் இறங்கும் காட்சியை வேன் சன்னல் வழியாகவே பார்த்தோம்.

மாப்புசாவில் தேநீருக்காக நிறுத்தினோம். அங்கே, பேருந்து நிலையத்துக்கு அருகே, மஞ்சள் மட்கார்டு பூட்டிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கோவாவில் இவர்களுக்குப் 'பைலட்' என்று பெயர். உரிமம் பெற்று, ஒற்றைப் பயணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள். பிற ஊர்களில் கைத்தொலைபேசியில் அழைத்தால் வரும் பைக் டாக்சி அண்மையில் தோன்றியது. கோவாவிலோ பல பத்தாண்டுகளாக மக்கள் பைலட்டின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சந்தைக்குப் போகிறார்கள். நாமும் ஏறியிருக்கிறோம். ஆனால் ஒரு பைலட்டோடு நின்று பேசியதில்லை.

நரைத்த மீசையோடு ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழில் செய்கிறாராம். மகளைப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கியது இந்த வண்டிதான் என்று இருக்கையைத் தட்டிக் காட்டினார். அம்மையார் அவரிடம் மகன் வாயிலாகக் கேட்டார்: "இத்தனை ஆண்டில் ஒருமுறையும் விழவில்லையா?"

"இரண்டு முறை. இரண்டும் மழையில். இரண்டு முறையும் பின்னால் ஆள் இல்லை. பின்னால் ஆள் இருக்கும்போது நான் வேறு ஆள், அம்மா" என்றார் அவர்.

வேனில் திரும்பும்போது அம்மையார் அதிகம் பேசவில்லை. ஜுவாரிப் பாலத்தில் ஏறியபோது மகனைப் பார்த்து, "நல்ல ஹெல்மெட் என்ன விலை இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். மகன் விலையைச் சொன்னார். "ரெண்டா?" என்றார் தாய். அந்த வீட்டில் வண்டி வாங்குவதா வேண்டாமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அது அவர்கள் வீட்டு முடிவு. சங்கம் அதில் தலையிடாது. ஆனால் தலைக்கவசம் இரண்டு வாங்கியாகிவிட்டது. அவற்றில் ஒன்றின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருப்பதாகத் தம்பி எங்களிடம் சொன்னார்.

செயற்குழுவிடம் நாங்கள் கொடுத்த அறிக்கையில் மூன்று வேண்டுகோள்கள் இருந்தன. அவற்றைச் செயற்குழு ஏற்றுக்கொண்டிருப்பதால் இங்கே அறிவிக்கிறோம். காலனி விளையாட்டுத் திடலின் கீழ்க்கோடியில், மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை ஆறரை முதல் எட்டரை வரை மெது ஓட்டப் பயிற்சியும் பிரேக் பயிற்சியும் நடைபெறும். முறையாகக் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் வர இசைந்திருக்கிறார். உரிமம் உள்ளவரே சேரலாம். உரிமம் இல்லாதவர் விண்ணப்பிப்பதற்குச் சங்க அலுவலகத்தில் உதவி செய்யப்படும். பெண்களும் சேரலாம், ஸ்கூட்டர் ஓட்டும் நம் சகோதரிகளை அன்போடு அழைக்கிறோம். தலைக்கவசம் இன்றித் திடலுக்குள் வருபவர், எவர் மகனாயினும், வந்த வழியே திரும்பவேண்டும்.

இரண்டாவது, சங்க நூலகத்தின் பின்னறையில் பூட்டிய அலமாரி ஒன்றில் தலைக்கவசங்கள் இருக்கும். நண்பன் வண்டியில் போகிறவன் கேள்வி முறையின்றி ஒன்றை எடுத்துச் செல்லலாம். திருப்பிக் கொடுத்தால் போதும். இதற்கு முதல் நான்கு தலைக்கவசங்களைத் தந்தவர்கள், நாம் இழந்த அந்தப் பிள்ளையின் பெற்றோர். இச்செய்தியை மேடையில் சொல்லலாமா என்று அவர்களிடம் கேட்டோம். சொல்லுங்கள் என்றார்கள்.

மூன்றாவது, காலனிக்குள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வண்டியை வாயிலிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். இதை முன்மொழிந்தவர்கள் எங்களோடு வந்த இளைஞர் மூவரே.

பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர்கள் விழா முடிந்ததும் மண்டபத்தின் இடப்பக்க மேசையில் செயலாளரைக் காணலாம். இதுவரை பதினேழு பெயர்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்து தாய்மார்களுடையவை.